எத்தனை டச் வாட்ச்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வருகிற வியாபாரி யாரும் "இது அசலா?" என்று கேட்க மாட்டார். "எத்தனை டச்?" என்றுதான் கேட்பார். எழுபது டச் என்றால் நூறு பங்கில் எழுபது வெள்ளி, மீதி செம்பு, பற்றுவைத்த பொடி இத்யாதி. எழுபதை எழுபது என்று சொல்லி விற்றால் ஒரு குற்றமும் இல்லை. தறி ஓட்டுகிறவர் மகளுக்கும் கொலுசு வேண்டுமே. எழுபதை எண்பது என்று சொன்னால்தான் தெருவில் பேர் கெடும்.

நான் அந்தத் தெருவில் பிறந்தவன். தாத்தாவுக்குப் பட்டறை, அப்பாவுக்குப் பட்டறை, எனக்கும் அதே பட்டறை. பழைய வாட்ச் கிறுக்கு மட்டும் என்னோடு வந்தது. போன மாதம் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்கு ஒமேகா ஒன்றைப் பார்க்கப் போனேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லாவிட்டால், ஏற்காட்டில் ஏன் அவ்வளவு நேரம் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

2011. சென்னையில் ஒருவரிடம் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வாங்கினேன். மாடல் 1601. இணையத்தில் இரண்டு மாதம் படித்துவிட்டுத்தான் போனேன். ஸ்ட்ராப்பைக் கழற்றி, கேஸின் காதுகளுக்கு நடுவே மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. பின்மூடியைத் திறக்கச் சொன்னேன். மெஷினில் 1570 என்ற எண். அதுவும் சரி. "மெஷினே பார்த்துட்டீங்க, அப்புறம் என்ன சார்?" என்றார் விற்றவர். நியாயமாகத்தான் பட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கோவை எக்ஸ்பிரஸில் கையைக் கையைப் பார்த்துக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தேன்.

முதல் அக்ரஹாரத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்போது ஒரு பாய் வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கடை என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் லைட், அவ்வளவுதான். பெருமையாகக் கழற்றி நீட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"மெஷின் கம்பெனி. கேஸ் கம்பெனி. மத்ததெல்லாம் நடுவுல வந்து சேர்ந்த சொந்தம் தம்பி."

முதலில் தேதிக்கு மேலே இருக்கிற குமிழைக் காட்டினார். கம்பெனிக் கண்ணாடியில் அந்தக் குமிழ் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும். எண் குமிழை நிறைத்துக்கொண்டு நிற்கும். என்னுடையதில் எண் பெரிதானது போலவும் இருந்தது, ஆகாதது போலவும் இருந்தது. அடுத்தது டயல். எழுத்துகளின் ஓரம் மை ஊறின மாதிரி தடித்திருந்தது. கடைசியாக, கண்ணாடியைச் சுற்றி வருகிற பல் பல்லான வளையத்தில் நகத்தை வைத்துத் தேய்த்துவிட்டு, "இதை நீங்களே உங்க கடையில பாத்துக்குங்க" என்றார்.

ஸ்டீல் கேஸில் வருகிற 1601-க்கு அந்த வளையம் 14 கேரட் வெள்ளைத் தங்கம். ஸ்டீல் வளையம் 1603-ல் உண்டு, ஆனால் அதன் வேலைப்பாடே வேறு. பட்டறைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் டச் பார்க்கிற கடை. வளையத்தைக் கழற்றிக்கொண்டு போய் மெஷினில் வைத்தேன். தங்கம் சைபர். இரும்பு, குரோமியம், நிக்கல். டச் பார்க்கிற பையன் என் முகத்தைப் பார்க்காமலேயே சீட்டை நீட்டினான். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, "வெள்ளிக்காரன் பையன் பாத்திரக் கடை இரும்பைத் தங்க விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கான்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சீட்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

என் தப்பு எங்கே என்று பிறகு யோசித்தேன். நான் "அசலா, போலியா" என்று கேட்டுக்கொண்டு போனேன். அசல் என்ற பதில் பொய்யும் இல்லை. எத்தனை டச் என்று கேட்டிருக்க வேண்டியவன் கேட்கவில்லை. தெருவில் தினமும் கேட்கிற கேள்வி, சென்னை போனதும் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாயின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் பாடம் எடுக்கிற ஆள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே எதையாவது முணுமுணுப்பார். ஒரு வாட்ச்சில் இருக்கிற சாமான் எங்கிருந்து வந்தது என்பதில் நாலு வழி உண்டு என்பது அந்த முணுமுணுப்பிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டது. பிறக்கும்போதே கூட வந்தது ஒன்று. பிற்பாடு சர்வீஸில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது ஒன்று. அதே கம்பெனியின் வேறொரு வாட்ச்சிலிருந்து பிடுங்கி மாட்டியது ஒன்று. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ செய்தது ஒன்று. கடைசி வழியைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாகப் பார்த்தால் அசல்.

இதில் நமக்கு மட்டும்தான் சறுக்கல் என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஐச் சேர்ந்த ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஏலத்துக்கு வந்தது. வெயிலில் பழுத்துக் காபி நிறமான டயல். முப்பத்தொரு லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் அந்தக் கம்பெனியே வெளியே வந்து சொன்னது: அது பல வாட்ச்களின் சாமான்களைச் சேர்த்துக் கட்டியது, எங்கள் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் பங்கு உண்டு என்று. பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு டேட்ஜஸ்ட் வலி கொஞ்சம் குறைந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

எல்லாச் சாமானும் ஒரே எடை இல்லை. மெயின் ஸ்பிரிங், தண்ணீர் புகாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையம் இதெல்லாம் தேய்கிற பொருள். மாற்றாமல் வைத்திருந்தால்தான் தப்பு. பிளாஸ்டிக் கண்ணாடியும் அப்படித்தான், கீறல் விழும், மாற்றுவார்கள். (பழைய ஒமேகாவின் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு நடுமத்தியில் ஒரு குட்டி ஒமேகா குறி உண்டு. கடுகைவிடச் சின்னது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். முதல் தடவை அதை நானாகக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) சாவி (பக்கவாட்டில் திருகுகிற குமிழ்), முள், செயின் மாறியிருந்தால் விலை இறங்கும். கேஸைப் பாலிஷ் போட்டுக் கரைத்திருந்தால் இன்னும் இறங்கும். நம் ஊரில் பளபளப்புதான் காசு. பழைய வாட்ச்சிலோ பஃப் ஓடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் மூலைகளின் கூர்மை போய்க்கொண்டே இருக்கும், போனது திரும்பாது. டயல் எல்லாவற்றுக்கும் மேலே. முகம் அல்லவா.

தங்கக் கேஸ் என்றால் நகைக்காரனுக்குக் கொஞ்சம் வசதி. சுவிட்சர்லாந்தில் முத்திரையிட்ட 18 கேரட் கேஸின் உள்ளே ஒரு பெண்ணின் தலை முத்திரையாக இருக்கும், ஹெல்வெஷியா என்பார்கள். 1995-லிருந்து அதற்குப் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. ‘அறுபதுகளில் வாங்கியது, ஒரு கை படாதது’ என்று யாராவது கொண்டுவந்து உள்ளே நாய் எட்டிப் பார்த்தால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

டயல் விஷயத்தில் நம் நாட்டுக்கு உலகம் முழுக்க ஒரு பேர் உண்டு. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்து எழுத்து அச்சடித்த எச்எம்டி, சீக்கோ, ஃபேவர் லூபா வாட்ச்களை வெளிநாட்டுக்காரர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சிரிப்பார்கள். கிளிப்பச்சை, ரோஜா, பாதி நீலம் பாதி சிவப்பு என்று தேர்த் திருவிழாப் பலூன் மாதிரி இருக்கும். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இங்கே ஒரு காலத்தில் ரீடயல் என்பது மோசடி இல்லை, மரியாதை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. அப்பாவின் எச்எம்டி ஜனதாவில் புள்ளி விழுந்தபோது அவரே கொடுத்து டயலை நீலமாக்கிக்கொண்டு வந்தார். கல்யாண வாட்ச், அழுக்காகக் கட்டலாமா என்று கேட்டார். யாரை ஏமாற்ற?

சரி, ஏற்காடு.

கூப்பிட்டது ஒரு காபித் தோட்டத்து வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர். எங்கள் கடையில் பேத்திகளுக்குக் கொலுசு வாங்கியவர், அந்தப் பழக்கம். அவருடைய கணவரின் வாட்ச். 1967-ல் சிங்கப்பூரில் இருந்த தம்பி கொண்டுவந்து அண்ணனுக்குக் கொடுத்தது. கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. பேரன் விற்றுவிடலாம் என்கிறானாம்.

மழை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பனிமூட்டம். பைக்கில் போனது முட்டாள்தனம். நனைந்த சட்டையோடு போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா ஒரு துண்டும் காபியும் கொடுத்தார். வாட்ச் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

ஒமேகா கான்ஸ்டலேஷன். 1952-ல் ஆரம்பித்த வரிசை. இது ‘பை பேன்’ என்கிற வகை: டயலின் ஓரம் பன்னிரண்டு பட்டையாகக் கீழ்நோக்கிச் சரியும், கவிழ்த்த தாம்பாளம் மாதிரி. கையில் வாங்கியதும் லென்ஸை எடுக்கவில்லை. பாய் சொல்லிக்கொடுத்தது: முதலில் கை தூரத்தில் வைத்து ஆளை மொத்தமாகப் பார், பிறகு மச்சத்தை எண்ணு.

கேஸ் அருமை. காதுகளின் விளிம்பு விரலில் உறுத்தியது. பாலிஷ் கல்லை ஒரு தடவைகூடப் பார்க்காத ஸ்டீல். பின்மூடியில் வானாய்வுக் கூடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் பொறித்த பதக்கம். கோபுரத்தின் மேடு மட்டும் மணிக்கட்டில் உரசி உரசி மழுங்கியிருந்தது. அந்தத் தேய்மானத்தை யாராலும் செய்ய முடியாது. சாவி உருண்டை. இதற்கு வர வேண்டியது பத்துப் பட்டைச் சாவி. உருண்டையின் தலையில் ஒமேகா குறிகூட இருந்தது, ஆனால் அந்தக் குறியின் கால்கள் யானைக்கால் மாதிரி. அதைக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் டயல். தூரத்திலிருந்தே அது கொஞ்சம் அதிகமாக வெள்ளையாக இருந்தது. லென்ஸில் பார்த்தால் மணிக் கட்டைகள் அசல், நட்சத்திரமும் அசல், தனியாக உலோகத்தில் செய்து பதித்தவை. ஆனால் நிமிஷக் கோடுகள் மணிக் கட்டையின் நடுவைத் தொட வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை தள்ளி நின்றன. நாலு மணிப் பக்கம் அது தெளிவாகவே தெரிந்தது. அச்செழுத்தில் சின்ன எழுத்துகளின் வயிறு அடைத்திருந்தது. இவ்வளவும் இருந்தும், ஐம்பத்தெட்டு வருட ஈரத்தில் மை ஊறியிருக்கலாமோ என்று ஒரு நப்பாசை.

நோட்டு பார்க்கிற நீல டார்ச்சை எடுத்தேன். டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் மேட் டி’ என்று இருக்கிறது. டி என்றால் ட்ரிடியம், இருட்டில் ஒளிர்வதற்காக அப்போது சேர்த்த பொருள். பன்னிரண்டேகால் வருடத்தில் அது பாதியாகிவிடும். இந்த வாட்ச்சில் இப்போது இருபத்தைந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால் அதிகம். ராத்திரி முழுக்க ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முட்களின் நடுவே இருந்த பூச்சு டார்ச்சில் மங்கலாக மினுங்கி, அணைத்ததும் செத்துவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் டயலில்? மணிக் கட்டைகளின் நுனியில் ஒரு புள்ளியாவது இருக்க வேண்டுமே. ஒன்றுகூட இல்லை. முள்ளுக்கு ஒளி இருக்கிறது, டயலுக்கு இல்லை, எழுத்து மட்டும் ‘டி’ என்கிறது. பெயிண்ட் அடித்தவர் எழுத்தைத் திரும்ப எழுதினார், புள்ளியை மறந்துவிட்டார்.

(இடையில் ஒரு எச்சரிக்கை. ஐம்பதுகளின் வாட்ச்களில் இருப்பது ரேடியம். அது பாதியாக 1600 வருடம் ஆகும். ஒளிர்வது நின்றிருக்கும், கதிர் நின்றிருக்காது. அதை ஊசியால் சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், ஊதவும் வேண்டாம்.)

பின்மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். அந்தக் கால ஒமேகா மெஷினுக்கு ஒரு செம்பொன் நிறம் உண்டு, புதுசாக விளக்கின செப்புக் குடத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில். அது கெடாமல் இருந்தது. காலிபர் 561 (மெஷினின் மாடல் எண்), இருபத்துநாலு கல், ஐந்து நிலையிலும் வெப்பத்திலும் சரிபார்த்தது என்ற வரி. சீரியல் எண் இரண்டு கோடியே நாற்பது லட்சத்தை ஒட்டியது, அதாவது 1966 வாக்கில். சிங்கப்பூர் தம்பியின் கதையோடு ஒத்துப்போகிறது. திருகுகளின் வாயில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின காயம் இரண்டே இடத்தில். நல்ல கை பட்ட மெஷின்.

"அம்மா, டயலை எப்பவாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. எண்பத்துமூணுல. மழைக்காலத்துல உள்ள ஈரம் புகுந்து டயல் பூசணம் பூத்துப்போச்சு. சேலத்துல குடுத்துப் பண்ணிட்டு வந்தாரு. சாவியும் அப்பதான். புது மாப்பிள்ளை மாதிரி இருக்குன்னு கிளப்புல எல்லாருக்கும் காட்டினாராம்."

பேரன் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விற்பனை விளம்பரம் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தான், காட்டினான். ‘நூறு சதவீதம் ஒரிஜினல், ஒரே குடும்பம்’ என்று முதல் வரி.

"ஒரே குடும்பங்கிறது சரி. நூறு சதவீதத்தை எடுத்துருங்க" என்றேன்.

"வெளியில தெரியுமா அங்கிள்?"

"லென்ஸ் வெச்சா தெரியும்."

"லென்ஸ் வெக்காதவனுக்கு?"

எனக்குச் சென்னையும் கோவை எக்ஸ்பிரஸும் ஞாபகம் வந்தன. பதில் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மாதான் பேசினார். "நீ சும்மா இருடா. எத்தனை டச்சுன்னு எழுதிக் குடுங்க தம்பி. கொலுசுக்கு எழுதற மாதிரி."

என் பட்டறை சீட்டுப் புத்தகம் பையில் இருந்தது. கிழித்து எழுதினேன். கேஸ்: கூட வந்தது, பாலிஷ் இல்லை. மெஷின்: கூட வந்தது. முட்கள்: கூட வந்தவை. டயல்: தகடும் கட்டைகளும் அசல், பெயிண்டும் எழுத்தும் 1983 சேலம். சாவி: வெளிச் சாமான். கண்ணாடி: வெளிச் சாமான், நடுவில் குறி இல்லை. டச் எண் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘70’ என்று போட்டேன். அது கணக்கு இல்லை, கை சொன்னது. மனதில் நினைத்துக்கொண்டு போன தொகையில் பாதியைச் சொன்னேன். பேரனுக்கு முகம் தொங்கிவிட்டது.

அந்த அம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார். "1983 சேலம்" என்று வாய்விட்டு ஒரு தடவை சொன்னார். பிறகு வாட்ச்சைத் துடைத்து என் கையில் வைத்து, விற்கவில்லை, சர்வீஸ் செய்து பழைய மாதிரிச் சாவி மட்டும் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். டயலை என்ன செய்ய என்று கேட்டேன். அவர் போட்டது அப்படியே இருக்கட்டும் என்றார். அரைக் கிலோ காபித்தூள் கொடுத்தார். இறங்கும்போது மழை விட்டிருந்தது.

பாய் இப்போது இல்லை. அவரிடம் வேலை பழகின பையன் மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு நாளைக்கு நாலு விநாடி முன்னால் ஓடுகிறது. சாவிதான் பாடாய்ப் படுத்துகிறது. பெரிய கம்பெனிகள் வெளி ரிப்பேர்காரர்களுக்குச் சாமான் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன, அதனால் பழைய இருப்பு வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று வாரம் தேடி ஒருவரிடம் சொல்லிவைத்தேன். பழைய ஸ்டாக், கம்பெனி பாக்கெட், பத்துப் பட்டை என்று சத்தியம் செய்தார்.

நேற்று மத்தியானம் பார்சல் வந்தது. பாக்கெட் நன்றாகத்தான் இருந்தது. லென்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு பட்டையில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி எண்ணினேன். பன்னிரண்டு. சந்தேகத்துக்கு மகளிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். அவளும் பன்னிரண்டு என்றாள். இன்றைக்குக் காலையில் திருப்பி அனுப்பிவிட்டேன்.